பச்சை பூசும் படக்காரர்களும் பதுளை மலையும்

கைப்பேசித் திரையின் நடுவே ஒரு கோடு. கோட்டுக்கு இடப்புறம் சாம்பல் பூத்து, உயிரிழந்து, வெளுத்துக் கிடக்கிறது ஒரு தேயிலை மலை. வலப்புறம் அதே மலை, அதே தூர்கள், கூடை சுமந்த அதே பெண். ஆனால் அங்கே பச்சை பொங்குகிறது. வானம் நீலத்தில் குளிக்கிறது. பெண்ணின் முகத்தில் பொன் பூசினாற்போல் ஒளி! விரலால் கோட்டை நகர்த்தினால் வெளுப்பு விலகும், வனப்பு விரியும். கலர் கிரேடிங்குக்கு முன், கலர் கிரேடிங்குக்குப் பின் என்று கீழே ஒரு வரி. எல்லவின் ஒன்பது வளைவுப் பாலமும், அப்புத்தளைப் பனிமூட்டமும், தம்பதென்னை மலைமுகட்டில் லிப்டன் அமர்ந்து பார்த்த இடம் என்று காட்டப்படும் மேடும் இன்று இந்தக் கோலத்திலேயே உலகெங்கும் உலா வருகின்றன. பார்த்தோர் பாராட்டுகின்றனர். நிறக்கலைஞரின் கைவண்ணம் கண்டு வியக்கின்றனர்.

வியக்கட்டும். நாம் கேட்பது ஒன்றே. இந்த இரண்டு படங்களில் ஊவா எது?

இடப்புறம் இருப்பதும் ஊவா அல்ல, வலப்புறம் இருப்பதும் ஊவா அல்ல என்பதே நமது விடை. அதனை நாட்டவே இக்கட்டுரை. இது ஏதோ சினிமாக்காரர் சங்கதி, நமக்கென்ன என்று உழவரும் உத்தியோகத்தரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். மலையின் நிறத்தை மாற்றுகிறவன் மலையைப் பற்றிய செய்தியையே மாற்றுகிறான். அந்தச் செய்தியில் நமது நாட்சம்பளமும் இருக்கிறது, நமது வீட்டுக் கூரையும் இருக்கிறது.

முதலில் அந்த இடப்புறத்து வெளுப்பைக் கவனிப்போம். அதுதான் உண்மை, வலப்புறம் வெறும் ஒப்பனை என்று நல்லெண்ணம் கொண்ட நண்பர் பலர் எண்ணிக் கொள்கின்றனர். அவ்வெண்ணம் பிழை. இன்றைய கேமராக்கள் வெளிச்சத்தின் மிகப் பெரிய வீச்சைப் பதிவு செய்ய வல்லவை. கூரிய வெயிலில் மின்னும் தகரக் கூரையையும், அதன் கீழ் இருண்ட வாசற்படியையும் ஒரே காட்சியில் அடக்க வேண்டுமாயின், பதிவை வேண்டுமென்றே தட்டையாக்கி, நிறத்தை ஒடுக்கி, பின்னர் விரித்துக் கொள்ளும்படி சேமித்து வைக்கின்றனர். இதனை லாக் என்பர். ஆகவே இடப்புறத்துப் படம் கண்ணுக்குக் காட்டுவதற்காக எடுத்த படமன்று. அது பண்டகசாலைச் சரக்கு.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். மலையில் பறித்த கொழுந்து ஸ்டோருக்கு வந்ததும் மேல்மாடியில் தட்டுகளில் பரப்பி வாட்டப்படுகிறது. வாடிய அந்த இலை மலையில் நின்ற இலையுமன்று, கோப்பையில் ஊற்றும் தேயிலையுமன்று, இடைநிலைப் பொருள். அந்த வாட்டிலையை ஒரு கையிலும் மணக்கும் தேநீரை மறு கையிலும் ஏந்தி, பாருங்கள், மலையில் இப்படிச் செத்துக் கிடந்ததை நான் இப்படி உயிர்ப்பித்தேன் என்று ஒரு தேயிலைத் துரை மார் தட்டினால் நாம் சிரிக்க மாட்டோமா? முன்னையும் பின்னையும் ஒப்பிட்டுக் காட்டும் நிறக்கலைஞர் செய்வது இதுவே. ஒப்பீட்டில் இருக்க வேண்டிய மூன்றாவது பொருள் ஒன்று உண்டு. படம் பிடித்த அன்று, அந்த மணியில், அந்த மலை கண்ணுக்கு எப்படி இருந்தது என்பதே அது. அதனைக் கேமரா அறியாது. கொழும்பிலோ சென்னையிலோ இருண்ட அறையில் திரைமுன் அமர்ந்திருப்பவரும் அறியார். அறிந்தவர் ஒருவர் உண்டு. அவரை எவரும் கேட்பதில்லை.

நிறம் பூசும் இவ்வழக்கம் புதிதன்று. கொழும்பில் 1890-இல் தோன்றிய பிளாட்டே நிறுவனத்தார் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டிய அஞ்சலட்டைகளை வெளிநாட்டாருக்கு விற்றனர். அதே 1890-இல்தான் தாமஸ் லிப்டன் இலங்கையில் தோட்டங்களை வாங்கினார். கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் வண்ணச் சித்திரம் அவருடைய விளம்பரங்களில் ஏறிக் கடல் கடந்தது. நமது பாட்டிமார் சம்பளமின்றி நடித்த முதல் விளம்பரப் படம் அது என்று கொள்க!

பின்னர் பிலிம் வந்தது, வண்ணப் பிலிமும் வந்தது. 1956-இல் மாடர்ன் தியேட்டர்ஸார் தந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழில் முதல் முழுநீள வண்ணப்படமாக வந்தபோது தமிழுலகமே மயங்கியது. அந்தக் காலத்து நிறத் திருத்தம் லாபரட்டரியில் நடந்தது. சென்னையில் ஜெமினி, பிரசாத் முதலிய கூடங்களில் படத்தை அச்சிடும்போது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளைக் கூட்டியும் குறைத்தும் காட்சிகளைச் சமன் செய்தனர். ஒவ்வோர் ஒளிக்கும் 1 முதல் 50 வரை படிகள். அம்முறையில் ஒரு நற்கட்டுப்பாடு இருந்தது. பச்சையை ஏற்றினால் செடி மட்டும் பச்சையாகாது. பெண்ணின் முகமும் பச்சையாகும்! அந்த அச்சம் தொழிலாளனின் கையைத் தடுத்தது.

அந்தத் தடை எப்போது நீங்கிற்று? 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?’ என்ற அமெரிக்கப் படத்தை இத்துறையினர் எல்லைக்கல்லாகக் கூறுவர். கோயன் சகோதரர்கள் இயக்கிய அப்படத்துக்கு ரோஜர் டீக்கின்ஸ் ஒளிப்பதிவாளர். மிசிசிப்பி மாநிலம் பச்சைப் பசேலெனச் செழித்திருந்த கோடையில் படம் பிடித்தார்கள். கதைக்கோ 1930-களின் வறட்சி வேண்டும். பழைய கைவண்ண அஞ்சலட்டைபோல் தோன்ற வேண்டும். படம் முழுவதையும் கணினியில் ஏற்றி, பச்சையை மட்டும் பிடித்துக் காய்ந்த மஞ்சளாக்கினர். முகங்களுக்கு ஊறு நேரவில்லை. ஒரு நிறத்தை மட்டும் வலைவீசிப் பிடித்து, அதனை மட்டும் மாற்றும் வித்தை அன்று முதல் பெருவழக்காயிற்று. இன்று அவ்வித்தை எந்த இளைஞனின் மடிக்கணினியிலும் கிடைக்கிறது.

அங்கே செழித்ததைக் காய வைத்தார்கள். கதைப்படம், காய வைத்ததை மறைக்கவும் இல்லை, ஊரறியச் சொன்னார்கள். இங்கே காய்ந்ததைச் செழிக்க வைக்கிறார்கள். செய்திப்படம் என்றும், சுற்றுலாப் படம் என்றும், தோட்ட வாழ்க்கைப் படம் என்றும் பெயர் சூட்டுகிறார்கள். சொல்வதும் இல்லை!

காய்ந்தது என்று நாம் கூறியது மிகையன்று. ஊவாவின் ஆண்டைச் சற்றே எண்ணிப் பாருங்கள். தென்மேற்குப் பருவமழை மேற்கு மலைச்சரிவிலேயே தன் நீரைக் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மலைத்தொடரைத் தாண்டி நம் பக்கம் இறங்குவது வறண்ட காற்று. கச்சான் என்று நம்மவர் அழைக்கும் அக்காற்று ஜூலை தொட்டு செப்டம்பர் வரை பண்டாரவளையிலும், அப்புத்தளையிலும், பசறையிலும், மடுல்சீமையிலும் வீசும்போது புல்வெளிகள் செம்மட்டை நிறம் கொள்கின்றன. பீலித் தண்ணீர் நூலாக இளைக்கிறது. தேயிலைத் தூரும் தன்னைக் காத்துக்கொள்ள இலையின் துளைகளை மூடுகிறது. தளிர் விடுவது தளர்கிறது. அதன் உள்ளே சாறு மாறுகிறது. அந்த மாற்றத்தில்தான் உலகச் சந்தை போற்றும் ஊவாத் தேயிலையின் தனி மணம் பிறக்கிறது. மழைக்காலத்துப் பச்சையில் பிறப்பதன்று அம்மணம். வாட்டத்தில் பிறப்பது! ஊவாவின் பெயரை உலகுக்கு உரைத்த நிறம் பச்சையே அன்று. கச்சான் காலத்துக் கருகலும் பழுப்புமே ஆகும்.

அந்த மாதங்களில்தான் வானம் தெளிவாக இருக்கிறது. அந்த மாதங்களில்தான் வெளிநாட்டுப் பயணிகள் பதுளை ரயிலில் தொங்கிக்கொண்டு வருகின்றனர், படக்காரரும் வருகின்றனர். பறக்கும் கேமராவை ஏவிப் படம் பிடித்துச் செல்கின்றனர். பின்பு அறைக்குள் அமர்ந்து, பழுப்பை எல்லாம் வலைவீசிப் பிடித்து, ஜனவரி மாதத்துப் பச்சையை அதன்மேல் ஊற்றுகின்றனர். ஆகஸ்டு மாதத்து நிழல், ஆகஸ்டு மாதத்துத் தூசி, ஜனவரி மாதத்துப் பச்சை! இப்படி ஒரு நாள் ஊவாவில் விடிந்ததே இல்லை.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்பார் உளர். நட்டம் யாருக்கு என்று கூறுகிறோம். தளிர் தளர்ந்த காலத்தில் கூடை நிறைவதில்லை. காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து மலைக்கு ஏறிய பெண், சரிவெல்லாம் தடவித் தடவிப் பறித்தாலும் மாலைத் தராசில் கிலோ குறைகிறது. எடை நிறையாத நாளுக்கு அரைப் பேர் போடும் வழக்கத்தைத் தோட்டத்தில் பிறந்தவருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 2021-இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் அறிவித்தனர். 2024-இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாய் என்றனர். அரைப் பேருக்கு அந்த எண்ணிக்கைகளை இரண்டால் வகுத்துக்கொள்க! தேயிலைக்கு உயர்ந்த மணம் ஏறும் பருவத்தில் பறிப்பவளின் பேர் பாதியாகிறது. இந்தக் கொடுமைக்கு மலையே சாட்சி. காய்ந்த மலையைப் பார்க்கும் எவனுக்கும் கிலோ ஏன் குறைந்தது என்று கேட்கத் தோன்றாது. பச்சை பொங்கும் படத்தைப் பார்த்தவனுக்கோ, இத்தனை கொழுந்து கண்முன் நிற்க, இவர்கள் பறிக்கச் சோம்புகிறார்கள் போலும் என்றே தோன்றும். ஒரே சாட்சியையும் நிறம் பூசி வாயடைத்துவிட்டார்கள்.

உழவர் பெருமக்களே, நிறம் என்பது உங்களுக்கு அலங்காரமா, செய்தியா? வயலில் நிற்கும் நெல்லின் இலையை வண்ண அட்டையோடு ஒட்டிவைத்துப் பார்த்து, வெளிர்ந்திருந்தால் யூரியா இடு, கருத்திருந்தால் நிறுத்து என்று கணிக்கும் முறையை அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தார் ஆசிய நாடுகளெங்கும் பரப்பினர். அட்டை வருமுன்பே உங்கள் கண் அதனை அறிந்திருந்தது. 2021-இல் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் ஒரே ஆணையில் தடுத்தபோது வயலும் தோட்டமும் மஞ்சளித்ததை நாடே கண்டது. அந்த மஞ்சள் ஒரு முறையீடு. அவ்வாண்டின் இறுதியில் ஆணை பின்வாங்கப்பட்டதில் அந்த முறையீட்டுக்கும் பங்கு உண்டு. அந்த நாள்களில் எடுத்த படத்தில் மஞ்சளைப் பிடித்துப் பச்சையாக்கியவர் எவரேனும் இருப்பின், அவர் செய்தது என்ன? மூட்டை உரமின்றி மலைக்கு உரமிட்ட மாயாவி அவர்!

பச்சையோடு நிற்பதில்லை இவர்கள். இன்றைய வழக்கில் நிழலை எல்லாம் நீலப்பச்சையாக்கி, வெளிச்சத்தை எல்லாம் செம்பொன்னாக்குவது நாகரிகம். மனிதத் தோல் செம்மஞ்சள் சாயல் கொண்டது. எதிர் நிறத்தை அருகில் வைத்தால் முகம் எடுத்து நிற்கும் என்பது இதன் கணக்கு. கணக்கு சரியே. ஆனால் லயத்தில் செம்மஞ்சளாக இருப்பது முகம் மட்டுமா? துருவேறிய தகரமும் செம்மஞ்சளே. ஓட்டை விழுந்த கூரையின் துரு, இந்தக் கிரேடிங்கில் அந்தி வெயில் தங்கிய அழகாகிவிடுகிறது! நூறாண்டு கண்ட லயத்துத் தகரம் தங்கத் தகடாகத் திரையில் மின்னுகிறது. ஒழுகும் கூரையைப் பார்த்து, அடடா, என்ன அழகு என்று கடல் கடந்தவன் சொல்வான். ஆம், அழகுதான். இரவில் அதன்கீழ் பாத்திரம் ஏந்திப் பார்க்கட்டும்.

செம்மண்ணின் நிலையும் இதுவே. 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்ததை எவர் மறப்பார்? அங்கிருந்து மக்களை அகற்ற வேண்டுமென்று அதற்குப் பல ஆண்டு முன்னரே எச்சரிக்கை எழுந்திருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் கொணர்ந்த மழையில் பதுளை மாவட்டத்து மலைகள் மீண்டும் பல உயிர்களைக் காவு கொண்டன. மண்சரிவு வருமுன் மலை பேசும் மொழியில் பாதி நிறமே. தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்கிச் செந்நீராகும். பச்சைச் சரிவில் புதிய செம்மண் கீறல் ஒன்று தெரியும். பொறியியலாளரும் அதனைத் தேடுகின்றனர், லயத்துக் கிழவியும் அதனைக் கவனிக்கிறாள். கிரேடிங் அறையிலோ அக்கீறல் ஒரு கறை! பச்சையின் ஓட்டத்தைக் குலைக்கும் கறை! அதனைச் சூழ்ந்து ஒரு வளையமிட்டு, சிவப்பை இறக்கி, அண்டையிலுள்ள பச்சையோடு கலந்துவிடுகின்றனர். மலையின் எச்சரிக்கை அழகுக்குப் பலியாகிறது. சுற்றுலாப் படத்தைப் பார்த்தா மண்சரிவைக் கணிக்கப் போகிறார்கள் என்று கேலி செய்ய வேண்டாம். வீடு கட்டப் பணம் ஒதுக்கும் மேசைகளில் அமர்ந்திருப்பவர்கள் மலையைக் கண்டது பெரும்பாலும் இத்தகைய படங்களிலேதான்.

இனி முகத்துக்கு வருவோம்.

கோடாக் நிறுவனத்தார் அக்காலத்தில் அச்சுக்கூடங்களுக்கு ஓர் அட்டை அனுப்பி வந்தனர். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் படம். ஷர்லி அட்டை என்று பெயர். அவளுடைய தோல் சரியாக வந்தால் நிறம் சரி! கரிய முகங்கள் சேற்றுக் குழம்பாக வந்தாலும் குறையில்லை. கபில நிறங்களைப் பிலிம் செவ்வனே காட்ட வேண்டுமென்று பின்னர் நெருக்கியவர்களில் யார் முன்நின்றனர் தெரியுமா? சாக்கலேட்டு விற்போரும் மரச்சாமான் விற்போரும்! தங்கள் சரக்கின் பழுப்பு வேறுபாடு விளம்பரத்தில் தெரியவில்லை என்று அவர்கள் முறையிட்டனர். மேசைக்குக் கிடைத்த நீதி அதன் பிறகே மனிதனுக்குக் கிட்டியது.

இன்றைய கருவியில் அந்தக் குறை இல்லை. நிறத்தை அளந்து காட்டும் வட்டமானியில் மனிதத் தோலுக்கென ஒரு கோடு உண்டு. வெள்ளையர் தோலும் கறுப்பர் தோலும் நமது தோலும் ஏறத்தாழ அந்த ஒரே கோட்டின் மருங்கிலேயே விழுகின்றன. இரத்தம் ஒன்றென்பதற்குக் கருவி தரும் சான்று அது! வேறுபடுவது பெரும்பாலும் வெளிச்சத்தின் அளவே. ஆகவே, கொழுந்து பறிக்கும் பெண்ணின் முகம் வெளுத்துத் தோன்றினால் அது கருவியின் பிழையன்று. ஒருவர் தம் கையால் ஏற்றிய வெளிச்சம். ஏன் ஏற்றினார்? கறுத்த முகம் விற்பனைக்கு உதவாது என்று அவருக்கு யார் சொன்னார்? வெயிலில் நின்று கறுத்தவளின் வெயிலைத் திருடி, அவள் நின்ற மலைக்கு மட்டும் அதனைப் பூசுகிறார்கள். வைத்தியர்களுக்கு ஒரு சொல். கீழிமையை இழுத்து வெளுப்பைப் பார்த்து இரத்தசோகை என்று அறிகிறீர்கள். கிரேடிங் செய்த முகத்தில் கன்னமும் உதடும் ரோஜாவாகச் சிவக்கின்றன. தோட்டத்து மாதரின் சோகையைத் தீர்க்க இத்தனை எளிய மருந்து இருப்பது தெரியாமல் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துக் கொண்டிருக்கிறீர்களே!

இதுவரை பிறரைச் சாடினோம். நம்மவரை விட்டுவிடலாமா?

நமது துயரத்தைப் படமாக்க வருவோர் வேறொரு கூட்டத்தார். அவர்களிற் பலர் தமிழர், நல்லவர்கள். அவர்கள் பச்சையை ஏற்றுவதில்லை. எல்லா நிறத்தையும் உறிஞ்சிவிடுகின்றனர். லயம் சாம்பல், சேலை சாம்பல், குழந்தையின் சிரிப்பும் சாம்பல். 2013-இல் பாலா இயக்கிய ‘பரதேசி’ தமிழகத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு இட்டுச் செல்லப்பட்ட கூலிகளின் கதை, பி. எச். டேனியலின் நாவலைத் தழுவியது, செழியன் ஒளிப்பதிவு. அதன் மண்பழுப்புச் சாயலை நாம் குறை கூறோம். வெள்ளையர் காலத்துக் கதை அது. அந்தச் சாயலுக்குக் கதையிலே காரணம் இருந்தது. ஆனால் அதனைக் கண்டவர், தோட்டம் என்றால் இந்தச் சாயல்தான் என்று முடிவு கட்டி, இன்று வாழும் மனிதரின் ஆவணப்படத்துக்கும் அதே பழுப்பை ஊற்றுகின்றனரே, அதனையே கண்டிக்கிறோம். லயத்துச் சுவரில் நீலம் பூசியவன் காசு கொடுத்து வாங்கிப் பூசினான். ஆடிப் பூசையில் மஞ்சளும் குங்குமமும் எப்படி எரிகின்றன என்று வந்து பாருங்கள். மலையேறும் பெண் படங்கின் மேலே கட்டியிருக்கும் சேலை அவள் தேர்ந்தெடுத்த சிவப்பு. இரக்கம் பிறக்க வேண்டும் என்பதற்காக அந்தச் சிவப்பை உறிஞ்ச உங்களுக்கு உரிமை தந்தவர் யார்? வியாபாரி அவளுடைய வறட்சியை மறைத்தான். இரக்கக்காரர் அவளுடைய ரசனையை மறைத்தார். இருவருமே அவளிடம் கேட்கவில்லை.

கேளாமல் எழுதிக்கொள்வது நமக்குப் பழகிய கதை. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் மலையில் நின்றவர்களைக் கேளாமல்தான் அவர்களுடைய நிறத்தை மாற்றியது. காலையில் நாட்டவன், மாலையில் அந்நியன். 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் தலைகளை எண்ணிப் பங்கிட்டபோதும் அத்தலைகளைக் கேட்கவில்லை. 2003-இல் எஞ்சியோருக்குக் குடியுரிமை அளித்த சட்டம் வரும்வரை அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. இதனையும் அதனையும் ஒப்பிடலாமா என்று முகம் சுளிப்போர் சுளிக்கட்டும்.

நிறமே இல்லாத ஒரு படத்தின் கதையையும் இங்குக் கூற வேண்டும். 1934-இல் பாசில் ரைட் என்ற ஆங்கிலேயர் இலங்கையில் ‘சாங் ஆஃப் சிலோன்’ படத்தைப் பிடித்தார். பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. லயனல் வென்ட் குரல் கொடுத்தார். உரை, 1681-இல் ராபர்ட் நொக்ஸ் எழுதிய நூலிலிருந்து எடுத்தது. 1935-இல் பிரசல்சில் முதற்பரிசும் பெற்றது. முழுவதும் கறுப்பு வெள்ளை. அதன் ஒரு பகுதியில், உழைக்கும் மனிதரின் காட்சிகளுக்கு மேலாகச் சந்தை விலைகளையும் கப்பல் சேதிகளையும் கூறும் குரல்கள் ஒலிக்கின்றன. அக்குரல்கள் எங்கோ இருந்து வருகின்றன. கைகளோ இங்கே உழைக்கின்றன. தேயிலைக் காசில் எடுத்த படத்திலேயே இந்த முரணைப் புகுத்தும் துணிவு அம்மனிதருக்கு இருந்தது. கோடி நிறங்களைக் கையில் வைத்திருக்கும் இன்றைய விளம்பரப் படத்தில் அந்தத் துணிவில் காற்பங்காவது உண்டா?

கலையைக் கட்டிப்போடப் பார்க்கிறீர்கள் என்று ஒரு கூக்குரல் எழும் என்பதை அறிவோம். இல்லை ஐயா! கதைப்படம் எடுப்பவர் வானத்தைச் சிவப்பாக்கட்டும், நிலவைப் பச்சையாக்கட்டும். அது அவருடைய உலகம். திருத்தமே கூடாது என்றும் நாம் கூறவில்லை. அப்புத்தளை உயரத்தில் பனியினூடே எடுத்த காட்சி தேவைக்கு மேல் நீலமாக வரும். நிழலிலும் வெயிலிலும் எடுத்த இரு துண்டுகள் ஒட்டாமல் நிற்கும். அவற்றைச் சமன் செய்வது நேர்மையான தொழில், அரிய தொழில். அத்தொழிலாளியின் உழைப்பையும் மதிக்கிறோம். கண்ட நிறத்துக்குப் படத்தைக் கொண்டுசேர்ப்பது திருத்தம். காணாத நிறத்தை விற்பனைக்காகப் பூசுவது பூச்சு. பச்சை மிளகாயும் பாகற்காயும் சந்தையில் மினுங்குவதற்காகச் சாயம் தோய்ப்பவனைச் சுகாதாரப் பரிசோதகர் பிடிக்கிறார். அவன், இது என் கலை என்று கூறினால் விட்டுவிடுவாரா?

ஆகவே நாம் கேட்பவை பெரிய காரியங்களல்ல. சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையோ, தேயிலைச் சபையோ, வேறெந்த அரச நிறுவனமோ பொதுப்பணத்தில் ஊவாவைப் படமாக்கினால், எந்தத் தோட்டம், எந்த மாதம், எந்தத் தேதி என்பது படத்திலேயே எழுதப்பட வேண்டும். ஆகஸ்டு என்று எழுதிவிட்டு ஜனவரிப் பச்சையைக் காட்ட எவருக்கும் கை கூசும். ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் 24 சதுரங்கள் கொண்ட வண்ண அட்டையைச் சில விநாடி கேமராமுன் பிடிக்க வேண்டும். இதற்குச் செலவு ஏதும் இல்லை. ஒளிப்பதிவாளர்கள் வைத்திருக்கும் அட்டைதான். அந்த அட்டை இருந்தால், பின்னாளில் எவரும் நிறம் எவ்வளவு தூரம் இழுக்கப்பட்டது என்று அளந்து பார்க்கலாம். திருத்தாத மூலப்பதிவு அழியாமல் பொது ஆவணக்காப்பில் சேர வேண்டும். ஐம்பது ஆண்டு கழித்து இந்த மலை எப்படி இருந்தது என்று நமது பேரப்பிள்ளைகள் தேடும்போது, கிடைப்பது ஒரு வியாபாரியின் பச்சையாக இருக்கக் கூடாது. பதுளை மாவட்டத்திலிருந்து நாடாளுமன்றம் சென்றவர்கள் இதனை அங்கே கேட்கலாம். கட்சி பார்க்க வேண்டிய காரியமன்று.

இவற்றினும் முக்கியமானது இன்னொன்று. படத்தை முடித்து வெளியிடுமுன், அதனை எடுத்த தோட்டத்திலேயே ஓர் இரவு போட்டுக் காட்ட வேண்டும். இது என் மலையா என்று அவள் பார்க்க வேண்டும். அன்று இலை இப்படி இருந்ததா, என் முகம் இதுவா, அந்தக் கீறலை எங்கே காணோம் என்று கேட்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் நிறவியல் படித்தவர் அந்தக் கூட்டத்தில் தேவையில்லை. இருபது ஆண்டு கொழுந்து பறித்த கண், இரண்டு நாள் வாட்டத்தையும் மூன்று நாள் வாட்டத்தையும் பிரித்தறியும் கண். எந்த வட்டமானியும் அதற்கு ஈடில்லை.

கச்சான் காலம் தோறும் படக்காரர்கள் வருகிறார்கள். வரும் ஜூலையிலும் வருவார்கள். தோட்டத்துக்குள் கேமராவைக் கொண்டுவர அவர்கள் அனுமதி கேட்பது துரையிடம். லயத்துக்குள் வர யாரிடம் கேட்கிறார்கள்? தோட்டக் கமிட்டித் தலைவரும் மாதர் தலைவியும் இப்பொழுதே கூடிப் பேசி, வெளியிடுமுன் இங்கே காட்டுவோம் என்று படக்காரரின் கையால் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்ட பிறகே லயத்து வாசலை விட்டுக்கொடுக்கட்டும். காட்டுவதற்குக் கொட்டகை வேண்டியதில்லை. பெரட்டுக்களத்தில் இரண்டு கம்பு நட்டு ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டினால் போதும்.